மகனுக்கு மனச்சிதைவாம், மனைவி ஒப்புக்கொள்ளவில்லை (திருகோணமலை)

நிலாவெளியிலிருந்து ஒருவர் கேட்டது, 11 பெப்ரவரி 2024

மகனுக்கு வயது 21. ஏஎல் (உயர்தர) சோதனை இரண்டாம் தடவை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவன். போன வருடம் முதல் அறையைப் பூட்டிக்கொண்டு தனியே கதைக்கிறான். போனுக்குள் இருந்து ஆட்கள் கேட்கிறார்கள் என்று சிம்மைக் கழற்றி, கமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் மனச்சிதைவு என்று சொல்லி மருந்து தந்தார்கள். மனைவி ஒப்புக்கொள்ளவே இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கோயில் கோயிலாகக் கொண்டு திரிகிறாள். இது நோய் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவள் ஏற்றுக்கொண்டால்தானே வைத்தியம் நடக்கும்?

11 பெப்ரவரி, இரவு

அண்ணா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். மகனுக்குக் குளிசை கொடுப்பது யார்? நீங்களா, அண்ணியா? அதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

12 பெப்ரவரி, காலை

அண்ணிதான் கொடுக்கிறார், அதுவும் சாமியறையில் வைத்து விபூதி பூசிவிட்டு என்கிறீர்கள். பிறகு என்ன பிரச்சினை?

நான் அண்ணியின் கட்சி. என் மகளுக்குப் பைபோலர் வருத்தம், மனம் ஒரு காலம் அளவுக்கு மிஞ்சிக் கிளம்பும், ஒரு காலம் ஒரேயடியாக விழுந்துவிடும். பல வருடமாக உப்புவெளியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் கொப்பியோடு அலைகிறோம். வருத்தத்தின் பெயரை நான் இன்றைக்கும் வாயால் சொல்வதில்லை. ஆரும் கேட்டால் "பிள்ளைக்கு நித்திரைக் குழப்பம்" என்பேன். என் மனுசன் நேர்மாறு. டொக்டர் பெயர் சொன்ன அன்றே ஒரு சீஆர் கொப்பி வாங்கி, கோடு கீறி, மருந்து, நேரம், நித்திரை, சாப்பாடு என்று நிரல் போட்டுவிட்டார். கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) வேலை பார்த்தவர், வேறு என்ன செய்வார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் "நீ முதலில் ஏற்றுக்கொள்" என்று எனக்கு வகுப்பெடுப்பார். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். ஆனால் இரவானால் குளிசையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு நீட்டி, "ஆ காட்டு பிள்ளை" என்று நாக்குக்கு அடியில் பார்ப்பது நான். அவர் அதைக் கொப்பியில் சரி அடையாளம் போடுவார்.

காரணத்தில் புருசன் பெண்சாதி ஒத்துப்போகத் தேவையில்லை. குளிசையில் ஒத்துப்போனால் போதும். அண்ணி செய்வினை என்று நினைத்துக்கொண்டே கொடுக்கட்டும். மருந்துக்கு அது தெரியாது.

12 பெப்ரவரி, பின்னேரம்

மருத்துவம் படிக்கிற தம்பி ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: நோய் என்ற தெளிவு இல்லாவிட்டால் கொஞ்சம் சுகமானதும் மருந்தை நிறுத்திவிடமாட்டார்களா என்று. நிறுத்துவார்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. பெடியன் ஒழுங்காக முழுகி, சேவ் எடுத்து, சிரித்துக் கதைக்கத் தொடங்கும் கிழமையில்தான் "செய்வினை கழிந்துவிட்டது, இனி எதற்கு மருந்து" என்று வரும். முதல் தடவை வந்து சுகமானாலும் குறைந்தது ஒரு வருடம், அனேகமாக அதற்கும் மேலே தொடரச் சொல்வார்கள். இடையில் விட்டால் திரும்ப வரும் வாய்ப்பு நன்றாகக் கூடும்.

கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி (தாதி) இதை ஒரு தாய்க்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. "கழிப்புக் கழிச்ச பிறகும் கையிலே நூல் கட்டி வைச்சிருக்கிறீங்கள்தானே அம்மா, இதுவும் அப்படித்தான்." அந்தத் தாய் மறுபேச்சில்லாமல் தலையாட்டினா. ஆகவே அண்ணா, நோயை நிரூபிக்கப் போகாமல் அண்ணியிடம் ஒரு வாக்கு மட்டும் வாங்குங்கள். டொக்டர் சொல்லாமல் நிறுத்துவதில்லை. அவ்வளவுதான்.

15 பெப்ரவரி

கோயிலைப் பற்றி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: மருந்தை நிறுத்தச் சொல்லாத எந்தச் சாமியும் எங்களுக்குச் சாமிதான். பத்திரகாளி அம்மன் கோயிலில் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தால் எனக்கு அடுத்த நாள் ஓடும். ஒரு வயதான பூசாரி (கோயில் பெயர் வேண்டாம்) பிள்ளையைக் கண்டதும் முதலில் கேட்டது, "ஆஸ்பத்திரியிலே காட்டினீங்களோ?" என்றுதான்.

வேறொருவர் இருந்தார். காசையும் வாங்கிக்கொண்டு, பிள்ளை உப்பில்லாமல் விரதம் பிடிக்க வேண்டும், பகலில் தண்ணீரும் கூடாது என்றார். மகள் பைபோலருக்கு எடுப்பது லித்தியம் என்ற மருந்து. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறும். ஆவணி வெயில் வேறு. சில நாளில் கைநடுக்கம் பெரிதானது, வயிற்றாலே போனது, வெறியில் நடக்கிறவளைப் போல் தள்ளாடினாள். வாட்டில் வைத்து சேலைன் ஏற்றினார்கள். லித்தியம் எடுக்கிறவர்கள் வீட்டில் இதை எழுதி ஒட்டி வையுங்கள்: உப்பை நிறுத்தவும் கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது, தண்ணீர் குறையக் கூடாது, வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு விரதம் எல்லாம் என் கணக்கில்.

16 பெப்ரவரி

இரத்தம் எப்போது கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். லித்தியம் அளவு பார்க்கக் கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். இரவு எட்டுக்குப் போட்டால் காலை எட்டுக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் காலைக் குளிசை. பெரும்பாலானவர்களுக்கு லீற்றருக்கு 0.6க்கும் 0.8 மில்லிமோலுக்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். சிலருக்கு 1.0 வரை போகலாம். 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இடையிடையே தைரொயிட்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். மனுசனின் சீஆர் கொப்பி இந்த இடத்தில் மட்டும் உபயோகம்.

(அவர் இதை வாசிக்கிறார். "இந்த இடத்தில் மட்டுமா?" என்கிறார்.)

20 பெப்ரவரி

"தாய் கண்டித்து வளர்த்தால்தான் இப்படி வரும்" என்று எழுதியவருக்கு. உங்கள் கண்டுபிடிப்பு புதிதில்லை ஐயா. 1948இல் ஃபிரீடா ஃப்ரொம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவைத் தாய்தான் பிள்ளைக்கு உண்டாக்குகிறாள் என்ற கருத்தைக் கிளப்பிவிட்டா. அதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் அமெரிக்காவில் தாய்மாரைக் கூண்டில் ஏற்றினார்கள். பிறகு இரட்டையர்களையும் தத்துக் கொடுத்த பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் வந்து அதைக் கவிழ்த்துவிட்டன. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, வளர்ப்பை நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அங்கே அது செத்து எத்தனையோ காலம். எங்கள் ஊரில் மாமிமார் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

யுத்தமும் சுனாமியும்தான் இதற்கெல்லாம் காரணம் என்று எழுதியவருக்கும். இந்த ஊர் இரண்டையும் பார்த்தது, இரண்டிலும் மனம் உடைந்தவர்கள் எத்தனையோ பேர், அதை ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருத்தத்தையும் அதில் கொண்டுபோய்க் கட்டினால் குளிசை போட வேண்டிய பிள்ளை ஆறுதல் வார்த்தையோடு வீட்டில் இருந்துவிடும். மருந்தில்லாமல் போகும் காலம் நீள நீளச் சுகமாவது கடினமாகிறது.

21 பெப்ரவரி

நேற்று எழுதியதற்கு மேலே ஒன்று. நோய் வருவது வேறு, வந்தது திரும்ப வருவது வேறு. இரண்டாவதில் வீட்டாருக்குப் பங்கு உண்டு. லண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்பவர் 1950களில், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போனவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். தாய் தகப்பனிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட வாடகை அறைக்குப் போனவர்கள் நன்றாக இருந்தார்களாம். வீட்டிலே என்ன நடக்கிறது என்று பிறகு ஆராய்ந்ததில் மூன்று விசயம் அகப்பட்டது: குறை சொல்லிக்கொண்டே இருப்பது, வெறுப்பு, அளவுக்கு மிஞ்சிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது. அப்படிப்பட்ட ஆட்களோடு கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்குத்தான் நோய் கூடுதலாகத் திரும்பியது.

எங்கள் வீட்டில் ஒரு ஹோல், ஒரு ஃபான். 35 மணித்தியாலம் செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிடும்.

ஆனாலும் ஒரு வழி செய்தோம். மகள் பின்னேரத்தில் பக்கத்துத் தையல் கடைக்குப் பட்டன் தைக்கப் போகிறாள். காசு பெரிதில்லை. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அவளைப் பார்க்காமல் இருக்கிறோம், அவளும் எங்களைப் பார்க்காமல் இருக்கிறாள். "எழும்பு, எவ்வளவு நேரம் படுக்கிறாய்" என்று மனுசன் சொல்வதை விட்டுவிட்டார். நான் அவளின் கோப்பையில் தேத்தண்ணீரை முக்கால்வாசிக்கு மேல் ஊற்றுவதில்லை. மருந்தால் விரல் நடுங்கும், நிரம்ப ஊற்றினால் பீரிசில் சிந்தும், அவள் முகம் சுருங்கும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை.

27 பெப்ரவரி

கிண்ணியாத் தங்கச்சிக்கு: ஓதிய தண்ணீர் கொடுப்பதில் என்ன இருக்கிறது, கொடுங்கள். தண்ணீர்தானே, அதுவும் நல்லது. கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் வழக்கமாக இருப்பது மூதூர் உம்மா ஒருவர், மற்றப் பக்கம் கோமரங்கடவலையிலிருந்து வரும் சிங்களத் தாய். ஒருவர் பையில் ஓதிய தண்ணீர்ப் போத்தல், ஒருவர் கையில் பிரித் நூல், என்னிடம் விபூதிச் சரை. மூன்று பேருடைய கொப்பியிலும் டொக்டரின் எழுத்து மட்டும் ஒரே மாதிரி, ஒருவருக்கும் விளங்காது.

6 மார்ச்

சிவராத்திரி வருகிறது, ஆகவே இது அவசரம். நாலு சாமமும் கண்விழிக்கப் பிள்ளையைக் கோணேசருக்குக் கூட்டிப் போகலாமா என்று அண்ணி கேட்கச் சொன்னாராம். முதல் தடவையாக அண்ணியின் கேள்வி! வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் சாமம் பார்த்துவிட்டுக் கூட்டி வந்து, குளிசை கொடுத்துப் படுக்க விடுங்கள். பைபோலர்காரருக்கு ஒரு இரவு நித்திரை கெட்டாலே வருத்தம் கிளம்பிவிடலாம். மனச்சிதைவுக்கும் நித்திரை கெடுவது நல்லதில்லை.

என் மகளுக்கு அப்படித்தான் தொடங்கியது. ஏஎல் சோதனைக்கு இரவிரவாகப் படித்தாள். பிறகு நித்திரை தேவைப்படவில்லை என்றாள், களைப்பே இல்லை. ஒரு சாமத்தில் எழும்பிப் பார்க்கிறேன், அலுமாரியில் இருந்த என் சேலைகள் முழுவதையும் எடுத்து ஹோலிலிருந்து விறாந்தை வரை நிறம் நிறமாக விரித்திருக்கிறாள். மஞ்சளில் தொடங்கி, செம்மஞ்சள், சிவப்பு, அரக்கு, கடைசியாகக் கூறைச்சேலை வாசற்படியில். கடை திறக்கப் போகிறாளாம். கனடாவில் இருக்கிற பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் காசும் கேட்டுவிட்டாள். தொண்டை கட்டிப்போய்க் கதைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்க வடிவாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு வடிவாக இருந்தது.

சிவராத்திரிக்கு அவளுக்காக நான் விழிக்கிறேன். சிவனுக்கு ஆள்கணக்குத்தானே வேண்டும்.

9 மார்ச்

கண் எரிகிறது, நீட்ட முடியாது. கோணேசருக்குப் போகும் வழியில் கோட்டை வாசலில் ஒரு மான் என் அர்ச்சனைப் பையிலிருந்து வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போனது, தேங்காயை விட்டுவிட்டது.

14 மார்ச்

"அவன் சொல்வதோடு வாதாட வேண்டாம்" என்று பலரும் மேலே எழுதியிருக்கிறீர்கள், நானும் தலையாட்டினேன். அதற்கு ஒரு எல்லை போட வேண்டும். போனுக்குள் ஆள் இருக்கிறது என்றால் வாதாடாமல் விடலாம். "இருக்கிறது" என்று சேர்ந்து தாளம் போடாமல், "எனக்குக் கேட்கவில்லை, உனக்குப் பயமாக இருக்கும் போல" என்று சொல்லி நிறுத்தலாம். ஆனால் அண்ணா நேற்று எழுதியது வேறு: சாப்பாட்டில் நஞ்சு என்று இரண்டு நாளாக ஒன்றும் தொடவில்லை, குளிசையும் இல்லை. இது வீட்டில் வைத்துப் பார்க்கும் விசயமில்லை. இன்றைக்கே கொண்டு போங்கள். வர மறுத்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், அது இலவசம். என்ன செய்வது என்று கதைக்க மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது. அண்ணியையும் கூடவே கூட்டிப் போங்கள். வாட்டு வாசலில் "நீ ஒப்புக்கொண்டிருந்தால் இப்படி வந்திருக்காது" என்று மட்டும் தொடங்க வேண்டாம்.

14 மார்ச், இரவு

வாட்டில் சேர்த்துவிட்டார்கள், பாண் ஒரு துண்டு சாப்பிட்டான் என்று வாசித்தேன். நல்லது. நித்திரை கொள்ளுங்கள் இருவரும்.

19 மார்ச்

பெடியன் சிகரெட் பிடிப்பானா? ஓலன்சபின் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். சிகரெட் புகை அந்த மருந்தை உடம்பு வேகமாகக் கழிக்கும்படி செய்யும். வாட்டில் புகைக்க வழியில்லை, மருந்து தங்கும், அசதியாகப் படுப்பான். வீட்டுக்கு வந்து திரும்பத் தொடங்கினால் அதே குளிசை போதாமல் போகலாம். டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணிக்குத் தெரியாது என்றால் அவர் வெளியே நிற்கும்போது சொல்லுங்கள். அண்ணியிடம் கொஞ்சம் மறைக்க உங்களுக்கும் உரிமை உண்டு.

24 மார்ச்

எந்தப் பக்கத்து இரத்தம் என்ற சண்டை எல்லா வீட்டிலும் வருகிறது போல. எங்கள் வீட்டில் மனுசனின் அக்கா தொடக்கினா. "எங்கடை பரம்பரையிலே இப்படி ஒருத்தரும் இல்லை." நான் சும்மா இருந்தேன். என் அம்மாவின் சித்தப்பா ஒருவரை அந்தக் காலத்தில் இரவு ரயிலில் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை. அவரைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு ஒரு செத்த வீட்டில், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவி ஒருவர் மனுசனின் பக்கத்தைப் பற்றியும் வாயைத் திறந்தா. பின்னறையில் பூட்டி வைத்திருந்த ஒரு பெரியம்மா, கிணற்றடியில் கட்டிப்போட்ட ஒரு மாமா. கணக்குச் சமன். மச்சாள் அதற்குப் பிறகு பரம்பரை என்ற கதையையே எடுப்பதில்லை.

2 ஏப்ரல்

கலியாணம் பேசும்போது சொல்வதா மறைப்பதா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்லத்தான் வேண்டும். தரகர் வாயால் இல்லை, நாள் வைக்க முந்தி, நேரில். நியாயம் அநியாயத்தை விடுங்கள், சமாளிக்க முடியாது என்பதால்தான் சொல்கிறேன். கலியாணக் கிழமையில் நித்திரை இல்லை, புது வீட்டில் குளிசையை ஒளித்துப் போட வேண்டும், ஒளிக்க முடியாமல் விடுவாள். அடுத்து பிள்ளை. பைபோலருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வல்புரோயேட் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல், அதை முன்னமே மாற்ற வேண்டும். லித்தியத்தைத் தொடர்வதா குறைப்பதா என்று டொக்டரோடு இருந்து தீர்மானிக்க வேண்டும். பிள்ளை பெற்ற முதல் கிழமைகள் பைபோலர் பெண்களுக்கு மிக ஆபத்தான காலம், அப்போது பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் எப்படி?

எங்களுக்கு ஒரு பேச்சு வந்தது, சொன்னோம், போய்விட்டார்கள். போகட்டும். அவர்கள் வீட்டுத் தேத்தண்ணீரும் ஒரு சுகமில்லை.

மகளிடம் கேட்டேன், கவலையா என்று. "அம்மா, எனக்குப் பிடிக்கேல்லை, நீங்கள்தான் பார்த்தீங்கள்" என்றாள்.

8 ஏப்ரல்

வருடப்பிறப்புக்குக் கிளினிக் நாள் தள்ளிப் போகும், இப்போதே கேட்டு மருந்தைக் கூட்டி எழுதி வாங்குங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் பட்ட பாடு தெரியும்தானே. ஆஸ்பத்திரியிலும் இல்லை, பார்மசியிலும் இல்லை, பெற்றோலும் இல்லை. கண்டியில் படிக்கும் அயல் வீட்டுப் பெடியன் வாங்கி, பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்துவிட்டது எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து இரண்டு கிழமை மருந்து எப்போதும் கையில் வைத்திருப்போம்.

ஆனால் பூட்டி. லித்தியம் கூடுதலாக விழுங்கினால் உயிர் போகும். அலுமாரித் திறப்பு என் சங்கிலியில். மகளுக்கு அது தெரியும், ஏன் என்றும் தெரியும், அவளே ஒரு மோசமான மாதத்தில் கேட்டாள் பூட்டச் சொல்லி. இன்னொன்று: அப்படி ஏதும் நடந்தால் பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவை இலங்கையில் 1998இலேயே எடுத்துவிட்டார்கள். தாமதிக்காமல் ஓடுங்கள்.

21 ஏப்ரல்

அண்ணி எழுதியிருக்கிறார், நேரடியாக! "நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் ஊசி போட்டால் பிள்ளை சாப்பிடுகிறான்." மாதமொரு தரம் போடும் ஊசிக்கு மாற்றியிருக்கிறார்கள் போல. இனிக் குளிசைச் சண்டை இல்லை.

அண்ணி, நம்பவே தேவையில்லை. ஊசித் திகதியை மட்டும் நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். அமாவாசைக்குப் பக்கத்தில் வந்தால் ஞாபகம் வைக்க இன்னும் சுலபம்.

அண்ணாவுக்கு: "இப்போதாவது விளங்கினதா" என்று கேட்டீர்களாம். கேட்காதீர்கள்.

5 மே

கிண்ணியாத் தங்கச்சி, உங்கள் மகளும் லித்தியம் எடுப்பதால் பல்வலிக்குப் பனடோல் மட்டும் கொடுங்கள். புரூபன், வோல்டரன் வேண்டாம், இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும். பல் டொக்டரிடம் கதிரையில் ஏற முந்தியே கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். இந்த வெயிலில் வாய் வலிக்கிறது என்று அவள் தண்ணீர் குடிக்காமல் விட்டால் அதையும் கவனியுங்கள், இளநீர் என்றால் இறங்கும்.